சுவரில் ஒரு காலக்கோடு: பிள்ளைகளோடு சேர்ந்து சுதந்திரத்தை அளப்பது எப்படி

ஆகஸ்ட் 15க்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் மூன்று யோசனைதான் வரும். மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி, ஆரஞ்சு மிட்டாய். மிட்டாயை விட்டுவிட வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பதிலாக ஒரு காலக்கோடு செய்து பாருங்கள்.

நான் வியாசர்பாடியில் மாலை நேரப் பாடசாலை நடத்துகிறேன். வீட்டு முன்கூடம்தான் வகுப்பறை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். எல்லோருக்கும் நான் அக்காதான். இதற்கு முன்னால் பல வருடம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தக் காலமும் எங்கள் கோட்டில் ஓர் அட்டையாகத் தொங்குகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

காலக்கோடு என்றதும் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதில் 1919, 1930, 1942, 1947 எல்லாம் ஒரே அளவு பெட்டியில், ஒரே இடைவெளியில் அடுக்கியிருக்கும். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றுக்கு அப்புறம் இன்னொன்று தானாக வந்துவிட்டதாகத் தோன்றும். நடுவில் எத்தனை வருடம் மனிதர்கள் காத்துக்கிடந்தார்கள் என்பது தெரியாது. நாம் செய்யப்போவது அந்தக் காத்திருப்பைக் கண்ணுக்குக் காட்டுகிற கோடு. அதனால் ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு அட்டை: சட்டம் வந்த நாளுக்கு ஒன்று, அது நம் தெருவுக்கு வந்து சேர்ந்த வருடத்துக்கு ஒன்று.

அளவும் பொருளும்

ஓர் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர். இதுதான் என் கணக்கு. 1918இல் தொடங்கி 2025இல் முடித்தால் 535 சென்டிமீட்டர், ஏறக்குறைய பதினேழரை அடி. எங்கள் கூடத்தில் நீளமான சுவரே 12 அடிதான். ஆகவே கோடு 1991 வாக்கில் மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போகிறது. உங்களுக்கு இடம் குறைவு என்றால் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் வைக்கலாம். ஆனால் ஒரு முறை வைத்த அளவை நடுவில் மாற்றவே கூடாது. 1960களில் அட்டை குறைவாக இருக்கிறதே, கொஞ்சம் சுருக்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வெறுமையாக இருந்தால் இருக்கட்டும், அதுவும் ஒரு தகவல்தான்.

சணல் கயிறு, துணி காயப்போடும் கிளிப், தையல்காரர் இஞ்ச் டேப், சிவப்பு நூல்கண்டு ஒன்று, கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அட்டைக்குக் காசு கொடுத்து சார்ட் வாங்க வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். கனமான அட்டை, மலிவாகக் கிடைக்கும். வெள்ளை ஒரு கட்டு, மஞ்சள் ஒரு கட்டு போதும். வெள்ளையில் சட்டம், தீர்ப்பு, அரசாணை. மஞ்சளில் தெருவின் கதை. கயிற்றுக்கு மேலே வெள்ளை, கீழே மஞ்சள். ஒரே விஷயத்தின் வெள்ளையையும் மஞ்சளையும் சிவப்பு நூலால் இணைத்துவிடுங்கள். நூல் குட்டையாக இருந்தால் சட்டம் சீக்கிரம் வந்து சேர்ந்திருக்கிறது. நீளமாக இருந்தால் தாமதம். மஞ்சள் அட்டையே கிடைக்காமல் நூல் தரையைப் பார்த்துத் தொங்கினால், இன்னும் வரவில்லை.

எங்கிருந்து தொடங்குவது

பிள்ளைகளைக் கேட்டால் 1947 என்பார்கள். கொஞ்சம் விவரமான பிள்ளை 1857 என்னும். வேலூர்ப்பக்கம் சொந்தம் இருக்கிற பிள்ளை 1806 என்று சொல்லி அடம்பிடிக்கும். என் ஆலோசனை: உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

எங்களுக்கு அது பெரம்பூர் பின்னி மில். என் தாத்தா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில்காரர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இருவரும் முயற்சி எடுத்தார்கள்; பி.பி. வாடியா தலைவரானார். மதியம் சோறு தின்ன இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்பதும் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. அப்போது சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. மில் நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் தடை ஆணை கொடுத்தது. அந்த வழக்கு கிளப்பிய பேச்சும் சேர்ந்துதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1918க்கும் 1926க்கும் நடுவே 40 சென்டிமீட்டர். ஒரு பிள்ளையின் பள்ளிப்பை அந்த இடைவெளியில் சரியாக உட்காரும்.

அதே மில்லில் 1921இல் நடந்த வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக முடிந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், வேலைநிறுத்தக்காரர்கள் மறு பக்கம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். சொல்லுங்கள். இந்த மாதிரி விஷயங்களுக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: பின்னோக்கிப் போன நிகழ்ச்சியின் அட்டையைத் தலைகீழாகத் தொங்கவிடுவோம். படிக்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். கூடத்துக்கு வருகிற எல்லோரும் முதலில் போய் நிற்பது அந்த அட்டைகளுக்கு முன்னால்தான்.

அட்டையில் என்ன எழுதுவது

நான்கு வரி போதும். எந்த நாள். என்ன நடந்தது. யார் கேட்டு நடந்தது. அப்போது யார் விடுபட்டுப்போனார்கள். நான்காவது வரியை எழுதாத அட்டையைக் கயிற்றில் ஏற்ற மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுரிமையை வைத்துப் பழக்கினால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். பெருமையாக எழுதலாம். நான்காவது வரி: சொத்து இல்லாத பெண்களும் ஆண்களும் விடுபட்டார்கள், அதாவது ஏறக்குறைய எல்லோரும். அடுத்த வெள்ளை அட்டை 26.1.1950. இருபத்தொரு வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு. சொத்து, படிப்பு, சாதி எதுவும் கேட்கக் கூடாது. நடுவில் 145 சென்டிமீட்டர். சரி, 1950இல் யாரும் விடுபடவில்லையே, நான்காவது வரியில் என்ன எழுதுவது என்று ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். விடுபட்டார்கள். முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, முக்கியமாக வட மாநிலங்களில், நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே சொன்னார்கள். தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அப்படிப் பதிய ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். உரிமை காகிதத்தில் இருந்தது, ஓட்டு இல்லை. இந்த அட்டையை எழுதிய பெண் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஒரு நூல் கட்டாயம் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். 1927இல் சட்டசபைக்குள் போனவர், அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக விடுவதை நிறுத்த வேண்டும் என்று அதே 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். தடைச் சட்டம் நிறைவேறியது 1947 அக்டோபரில். சரியாக ஒரு மீட்டர்.

வீடு வீடாகப் போய் மஞ்சள் அட்டை சேர்ப்பது

இதுதான் கஷ்டமான வேலை, இதுதான் நல்ல வேலையும். ‘உங்களுக்குச் சமத்துவம் எப்போது கிடைத்தது?’ என்று ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டால், ‘போடா, போய்ப் படி’ என்று துரத்திவிடும். கேள்வி கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். முதல் முறை ஓட்டுப் போட்டது எப்போது? எந்தச் சின்னம் என்று யாராவது சொல்லி அனுப்பினார்களா? சின்ன வயதில் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், எங்கே எடுக்க விடவில்லை? எத்தனாவது வரை படித்தீர்கள், ஏன் நின்றீர்கள்? வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? வேலை பார்த்த இடத்தில் உட்கார விட்டார்களா? இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். வருடம் நினைவில்லை என்பார்கள். எம்.ஜி.ஆர். முதல்வராவதற்கு முன்பா பின்பா, மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டுக் கேட்டு ஓரிரண்டு வருடம் முன்பின்னாகக் கொண்டுவந்துவிடலாம். எம்.ஜி.ஆர். 1977 என்பதைப் பிள்ளைகள் முதலில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. மஞ்சள் அட்டையில் பெயர் எழுதக் கூடாது; ‘எங்கள் தெருப் பாட்டி ஒருவர்’ என்றால் போதும். எழுதியதைச் சொன்னவரிடம் ஒரு முறை படித்துக் காட்டி, சரி என்ற பிறகே தொங்கவிட வேண்டும். சில பேர் சொல்லிவிட்டு மறுநாள் வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தீண்டாமை பற்றிய நூல்தான் எங்கள் சுவரில் ரொம்ப நீளம். முதல் வெள்ளை அட்டை 1924: இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம். பொதுச் சாலையில் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாம், அரசு அலுவலகத்துக்குள் போகலாம். அந்த ஆண்டே அரசாணையும் ஆனது. அப்புறம் 1950, அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதை மீறினால் தண்டனை என்று தனிச்சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் நிறைவேறி 30.1.1990 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தனை வெள்ளை அட்டைக்கும் கீழே எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் மஞ்சள் அட்டை இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம். டீக்கடையில் தனி டம்ளர், குடித்துவிட்டுக் கழுவி வைக்க வேண்டும். அவர் முதல் முறையாக மற்றவர்களோடு ஒரே டம்ளரில் டீ குடித்தது 1970களில், கல்யாணமாகி மெட்ராஸ் வந்த பிறகு, யானைகவுனிப் பக்கம் ஒரு கடையில். ‘ஊர்ல மாறுச்சான்னு தெரியல, நான் திரும்பிப் போகல’ என்றார். அதை அப்படியே எழுதச் சொன்னேன். வாய்மொழியைத் திருத்த வேண்டாம்.

நானும் ஒரு மஞ்சள் அட்டை எழுதினேன். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். தீபாவளி நேரத்தில் பத்தரை, பதினொன்று. ஸ்டூல் கிடையாது. கூட்டமே இல்லாத மதியத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட மேலே கேமரா பார்த்து இன்டர்காமில் குரல் வரும். எங்களில் பாதிப் பேருக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் மாடி ஏறி இறங்கவே போய்விடும், மிச்ச நேரம் தரையில் கால் நீட்டி உட்காருவோம், சோறு இரண்டாம் பட்சம். இதெல்லாம் ஒரு தேசத்தின் வரலாற்றில் வருமா என்று கேட்டால், 2021இல் வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. கேரளம் அதற்கு முன்பே 2018இல் செய்திருந்தது. அங்கே பெண் ஊழியர்கள் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: அம்மாவோடு துணி வாங்கப் போகும்போது ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து வரவேண்டும். சில கடைகளில் ஸ்டூல் இருந்தது, மேலே துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது.

இந்த அட்டையை 1918 அட்டையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோறு தின்ன நேரம் கேட்டதிலிருந்து உட்கார ஸ்டூல் கேட்டதுவரை 515 சென்டிமீட்டர்.

1989 என்னும் முடிச்சு

எங்கள் கயிற்றில் கிளிப் போட இடமில்லாமல் சண்டை வந்த இடம் இது. 25.3.1989 முதல் தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமை மகளுக்கும் உண்டு. 28.3.1989 அன்று ஓட்டுப் போடும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. அப்புறம் முன்னே சொன்ன வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மூன்றும் 5 சென்டிமீட்டருக்குள். இப்படி நெருக்கடி வந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரம் மாதிரித் தொங்கவிடுங்கள். மேல் கிளிப்பின் இடம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

சொத்து அட்டையின் நான்காவது வரியில் நிறைய விஷயம் உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நாடு முழுவதற்கும் மகள்களுக்குச் சம உரிமை வந்தது 9.9.2005. நடுவில் 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த உரிமைக்கு 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில்தான் தீர்த்தது. இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. மஞ்சள் அட்டை சேர்க்கப் போன இடத்தில் ஓர் அம்மா சொன்னார்: அண்ணன் தம்பி மூன்று பேரும் வந்து, சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம், ஒரு கையெழுத்துத்தானே என்றார்களாம். போட்டுக் கொடுத்துவிட்டாராம். சீர் செய்தார்களே, அப்புறம் எப்படிக் கேட்பது என்றார். அவர் கல்யாணம் 1993. சட்டம் அவர் பக்கம் இருந்தது.

தேதியைச் சரிபார்ப்பது

ஒரு சட்டத்துக்கு மூன்று நாள் உண்டு: சபையில் நிறைவேறிய நாள், ஒப்புதல் கிடைத்த நாள், நடைமுறைக்கு வந்த நாள். ஆளுக்கொன்றாக எழுதினால் கோடு குழம்பும். நாங்கள் நடைமுறைக்கு வந்த நாளை எடுத்துக்கொள்கிறோம். அது தெரியாத இடத்தில் நிறைவேறிய ஆண்டு. அரசமைப்பே இதற்கு நல்ல பாடம். ஏற்றுக்கொண்டது 26.11.1949, முழுதாக நடைமுறைக்கு வந்தது 26.1.1950. குடியுரிமை, தேர்தல் போன்ற சில பிரிவுகள் மட்டும் நவம்பரிலேயே வந்துவிட்டன.

வாட்ஸ்அப்பில் வருகிற ‘தெரிந்துகொள்வோம்’ படங்களிலிருந்து தேதி எடுக்க விடாதீர்கள். பாடப்புத்தகம், அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பு, நூலகம், இவ்வளவு போதும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். நூலகரிடம் பிள்ளையையே கேட்க விடுங்கள். நாம் பின்னால் நின்றால் போதும். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1857 கிளர்ச்சியை அடக்கியதில் கொடுமைக்குப் பேர்போன நீல் என்ற அதிகாரிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறை போனார்கள். ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகு 1937இல்தான் சாலையிலிருந்து அகற்றினார்கள். பிறகு அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

வெளியே போக இன்னொரு நாள் இருந்தால் மெரினா. வியாசர்பாடி ஜீவாவில் ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். உழைப்பாளர் சிலை ராய் சவுத்ரி செய்தது, 1959இல் திறந்தது. அந்தக் கடற்கரையில்தான் 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார், இந்தியாவில் முதல் தடவை. ‘நாலு பேரும் ஆம்பளையா இருக்காங்களே’ என்று சிலையைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி 1959க்குக் கீழே தொங்கவிட்டோம். சுண்டல் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைகீழ் அட்டைகள்

நெருக்கடி நிலையை விட்டால் கோடு பொய்யாகிவிடும். 25.6.1975 முதல் 21.3.1977 வரை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 31.1.1976 அன்று தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டு, மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடித்தவர்களைச் சென்னை மத்தியச் சிறையில் அடைத்தார்கள். இன்று அந்தச் சிறைக் கட்டடம் இல்லை. அப்போது ஒருவரைச் சும்மா பிடித்துவைத்தால் நீதிமன்றம் போய்க் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் சொன்னது. அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில்தான், தவறு என்று தள்ளியது. தலைகீழ் அட்டை ஒன்று, நேர் அட்டை ஒன்று, நடுவில் 2 மீட்டர்.

ஒரு அட்டையை நேராகவா தலைகீழாகவா என்று தீர்மானிக்க முடியாமல் வகுப்பே இரண்டாகும். அப்படி ஆக வேண்டும். எங்களுக்கு அது 1951 ஜூன் 18, அரசமைப்பின் முதல் திருத்தம். அதற்குக் காரணமான வழக்குகளில் இரண்டு சென்னை அரசின் மேல் போட்டவை. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த சென்னை அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி. பெரியார் முன்னால் நின்றார். பத்து வாரத்தில் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது. அந்தப் பத்து வாரம் எங்கள் கயிற்றில் ஒரு சென்டிமீட்டர். இன்னொரு வழக்கு: பம்பாயில் வெளியான ஓர் இடதுசாரி வார இதழைச் சென்னை மாகாணத்துக்குள் விடாமல் அரசு தடுத்தது, ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டு 1950 மே மாதம் ஜெயித்தார். அதே முதல் திருத்தம், பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் சேர்த்துப் பேச்சுரிமையைக் குறுக்கியது. இட ஒதுக்கீட்டுக்கு நேர், பேச்சுரிமைக்குத் தலைகீழ். கடைசியில் ஒரே அட்டையை இரண்டு பக்கமும் எழுதி நூலில் தொங்கவிட்டோம். காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிறகு கழற்றிய அட்டையும் ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கழற்றினாலும் கிளிப் அங்கேயே இருக்கிறது.

மஞ்சள் வராத இடம்

கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் இன்னும் கடுமையாக ஒன்று. சாவுக்கு 10 லட்சம் நிவாரணம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம், அதை 30 லட்சமாக உயர்த்தி 2023இல். நான்கு வெள்ளை அட்டை. கீழே ‘நின்றுவிட்டது’ என்று எழுத எங்கள் தெருவில் யாரும் முன்வரவில்லை. நூலை அப்படியே விட்டுவிட்டோம்.

திருநர் பற்றிய அட்டையை ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள். தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம், 15.4.2014 அன்று மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மஞ்சள் அட்டையையும் அவளே கொண்டுவந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

தொங்கவிடும் நாள்

முந்தின நாள் இரவே கட்டிவிடுங்கள். காலையில் கொடியேற்றியதும் ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் வருவார்கள், எங்கள் தலைவர் படம் ஏன் இல்லை என்பார்கள். உயிரோடிருப்பவர் படம் யாருடையதும் கிடையாது என்று முதலிலேயே வாசலில் எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு டீ.

கயிற்றுக்குப் பக்கத்தில் பென்சில் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெரியவர்கள் படித்துவிட்டு, ‘இது அந்த வருஷம் இல்லையே’ என்பார்கள். அட்டைக்குப் பின்னால் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியதைப் பிள்ளைகள் மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் அதை எழுதிய பிள்ளையே பக்கத்தில் நின்று பதில் சொல்லட்டும். ஒப்பிக்க வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லட்டும்.

கழற்றும்போது இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் அடுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். மஞ்சளைத் தனிக்கட்டாக வைக்காதீர்கள். நூலோடு அதன் வெள்ளை அட்டையிலேயே இருக்கட்டும். சேலைப் பெட்டி ஒன்றில் வைத்து, ரசகற்பூரம் இரண்டு போட்டு லாஃப்டில் ஏற்றிவிடலாம். டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதால் தரையில் எதையும் வைப்பதில்லை. ஜனவரி 26க்கு எடுக்கும்போது அட்டைகளை ஆள் மாற்றிக் கொடுங்கள். முக்கியமாக, ஆகஸ்டில் சொத்துரிமை அட்டையை ஒரு பெண்பிள்ளை செய்திருந்தால், இந்த முறை அக்கா தங்கை உள்ள பையனிடம் கொடுங்கள். அவன் வீட்டில் போய் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வரட்டும்.